அண்ணாச்சி அடித்தார், பெருமாள் ஓடினார்

உடற்பயிற்சி ஆசிரியர் பிழைப்பில் ஒரு கஷ்டம்: ஊரே நம்மை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும், சொன்னால் ஒருத்தர் கேட்க மாட்டார். விசில் ஊதிப் பிழைக்கும் உங்களுக்கு இது புதிதில்லை. போடியில் நான் வேலை பார்த்த பள்ளி மைதானத்தில், ஞாயிறு காலையில் கடைவீதி வியாபாரிகள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். எல்லாருக்கும் தொப்பை, பாதிப் பேருக்குச் சர்க்கரை. அம்பயர் நான்.

வேர்வை

ஏலக்காய் வியாபாரி செல்வராஜ் அண்ணாச்சிதான் கேப்டன். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராம். அதற்குப் பதிலாக இவர் பிடித்துக்கொண்டது இந்த ஆட்டம். ஸ்லிப்பில் இடுப்பில் கை வைத்து நிற்பார். பந்து வந்தால் காலை நகர்த்தி வழிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் நேரே ஓட்டலுக்கு. அண்ணாச்சி இலையில் நெய்ப் பொங்கலும் வடையும். நான் வடையையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“வேர்த்திருச்சுல்ல மாஸ்டர், அப்பச் சீனி எறங்கிருக்கும்.”

முழங்கால் வலி

ஒரு வாரம் அண்ணாச்சி முழங்கால் வலி என்று தனக்குப் பதிலாக ஓட ஒரு பை ரன்னர் கேட்டார். பாவம் என்று அனுமதித்தேன். அடுத்த வாரம் அத்தனை வியாபாரிகளுக்கும் முழங்கால் வலி! ஆளாளுக்குத் தன் கடையில் மூட்டை தூக்குகிறவரைக் கூட்டிவந்து ஓடவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு ஓடியவர் பெருமாள். நாற்பதைத் தாண்டியவர், ஒட்டிய வயிறு. வாரமெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஓடினார். ரன் எல்லாம் அண்ணாச்சி கணக்கில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்த மனுசனுக்கு ஒரு நாளாவது லீவு விடுங்க அண்ணாச்சி” என்றேன்.

“அவனுக்கும் ஒரு எக்சர்சைஸ் வேணும்ல மாஸ்டர்.”

டாக்டர் முன்னால்

அண்ணாச்சியின் கால் பெருவிரலில் ஒரு புண். ஷூ கடித்தது என்றார். அது ஆறவே இல்லை. தேனியில் ஒரு டாக்டரிடம் போனோம், பெருமாளும் கூட வந்தார்.

“எக்சர்சைஸ் ஏதாவது பண்றீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “வாராவாரம் கிரிக்கெட். போன வாரம்கூட முப்பது ரன்னு” என்றார் அண்ணாச்சி, கூசாமல். டாக்டர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. என்னால் பொறுக்க முடியவில்லை. “ஓடினவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கார் டாக்டர்” என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. “இந்தக் காலை வச்சுக்கிட்டு மைதானம் பக்கமே போகக் கூடாது. புண்ணை அலட்சியம் பண்ணினா காலையே எடுக்க வேண்டி வரும்” என்றார். வெளியே வந்ததும் அண்ணாச்சிக்கு என்மேல்தான் கோபம்.

“ஸ்கோர்ல யாரு பேரு மாஸ்டர் இருக்கு? எம்பேருதேன?”

மதுரைக்குப் போய் வந்தபின்

டாக்டர் அவ்வளவு சொல்லியும் அடுத்த ஞாயிறே அண்ணாச்சி ஷூ போட்டு வந்து நின்றார். நான் அம்பயராக நிற்க மாட்டேன் என்றேன். வேறு ஆளை வைத்து ஆடினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அண்ணாச்சிதான் எனக்குத் தேறுதல் சொன்னார்.

“கை ரெண்டும் நல்லாத்தேன் இருக்கு மாஸ்டர். சேரு போட்டு உக்காந்து அடிக்கிறேன், ஓடத்தேன் பெருமாளு இருக்கான்ல?”

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், ரொம்ப நல்லது, ஆனால் அந்த நல்லது இளைப்பதற்கு ஒன்றுமே இல்லாதவருக்குத்தான் போய்ச் சேரும் என்று சொல்லிவிடுகிறேன்.