மூன்றாம் நம்பர் பாட்டில்

1996-ஆம் ஆண்டு, மாசி மாதம். திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் நடந்தது. அன்றாடம் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் மணி, நிமிடத்தோடு கூடச் சொல்ல முடியும். ஆனால் இந்தச் சம்பவத்தில் என்னைத் தலைகுனிய வைத்ததே அந்த நாட்குறிப்புதான்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை. ஆற்றைக் காப்பதற்கென்று எங்கள் பகுதியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். நான் செயலாளர். கரையோரம் இருந்த ஒரு சாயப்பட்டறை, மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கழிவை ஆற்றில் விடுகிறது என்பது எங்கள் சந்தேகம். குழாயின் வாய் தண்ணீருக்குள் எங்கோ இருந்தது, யாரும் கண்டதில்லை. முதலாளியோ ஒரு சொட்டுகூட விடவில்லை என்று சாதித்தார். விசாரணைக்கு வரவிருந்த அதிகாரி எங்களிடம் ஆதாரம் கேட்டிருந்தார்.

அதற்காக ஒரு திட்டம் போட்டேன். ஐந்து படித்துறைகள், ஐந்து பாட்டில்கள், ஐந்து பேர். ஞாயிறுதோறும் காலை சரியாக ஆறரை மணிக்கு ஒவ்வொருவரும் தன் துறையில் தண்ணீர் பிடித்து, மூடியை அரக்கு வைத்து ஒட்டி, ஏழரைக்குள் என் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். முதல் இரண்டு துறைகள் பட்டறைக்கு மேலே. மூன்றாவது துறை பட்டறைக்கு நேர் கீழே. மற்ற இரண்டும் அதற்கும் கீழே.

மூன்று வாரம் பிடித்தோம். நான்காவது, ஐந்தாவது பாட்டில்களில் சாயம் தெரிந்தது. மூன்றாவது மட்டும் மூன்று வாரமும் பளிங்கு போல இருந்தது. பட்டறைக்கு நேர் கீழே தண்ணீர் சுத்தமென்றால், சாயம் அதற்குக் கீழே வேறெங்கோ கலக்கிறது என்றுதானே அர்த்தம்? முதலாளிக்கு அந்த ஒரு பாட்டில் போதும். எங்கள் புகாரே நொறுங்கிவிடும்.

மூன்றாம் நம்பர் பாட்டில் மேலப்பாளையத்தைச் சேர்ந்த தறிக்கார பாயின் பொறுப்பில் இருந்தது. குழுவுக்கு அவராகவே தேடிவந்து சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அவருடைய மச்சான் அதே சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். சேர்ந்த அன்றே அதை அவரே சொன்னார். அப்போது அதை நேர்மை என்று குறித்துவைத்த நான், மூன்றாவது வாரம் அதே வரியின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டேன்.

அந்த நாட்களில் என் மனநிலையும் சரியில்லை. புகாரைக் கைவிட, பட்டறை முதலாளி எனக்கு மனை வாங்கித் தரப்போகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு. நான் போனால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் என்னை மறித்து, "எங்க சோத்துல மண்ண அள்ளிப் போடுதியளே அண்ணாச்சி, நீங்க நல்லா இருப்பியளா?" என்று கேட்டார். ஆற்றுக்காக நிற்கிறோம் என்று நினைத்துத்தான் இறங்கினேன்; யார் முகத்தைப் பார்த்தாலும் கணக்குப் போடும் ஆளாக மாறிக்கொண்டிருந்தேன்.

பாயைப் பற்றி மனைவியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒங்களப் பத்தியுந்தான் ஊர்ல என்னென்னவோ சொல்லுதாவ. நான் வந்து கேட்டனா?" என்றாள். அது எனக்கு உறைக்கவில்லை.

நான்காவது ஞாயிறு மாலை குழுக் கூட்டம். பாயை நீக்கும் தீர்மானத்தைத் தட்டச்சு செய்து சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பதற்காக, அன்று காலை என் பாட்டிலை மனைவியின் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கே மூன்றாம் துறைக்குப் போனேன். ஒரு மருத மரத்தின் பின்னால் நின்றேன். கையில் சிறு குறிப்பேடும் பென்சிலும்.

ஆறு இருபத்தைந்துக்குப் பாய் சைக்கிளில் வந்தார். துறையை ஒரு தடவை பார்த்தார். சட்டென்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கமாகப் போனார். நாற்பது தப்படி தள்ளி இன்னொரு சிறிய துறை. அங்கே இறங்கிப் பாட்டிலை நிரப்பினார். அகப்பட்டார்! மணியைக் குறித்தேன். பார்த்ததை வரி வரியாக எழுத ஆரம்பித்தேன்.

"ஏய், மரத்துக்குப் பின்னால யாருவே அது?"

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். படித்துறையில் ஏழெட்டுப் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாய் வரும் பாதையையும் பிறகு பாயையுமே கவனித்துக்கொண்டிருந்ததில் அவர்கள் வந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை. ஈரச் சேலையோடு ஓர் அம்மாள் படியேறி வந்தார். இன்னும் இருவர் பின்னால்.

"பொம்பளையாளுவ குளிக்க எடத்துல ஒமக்கு என்னவே சோலி? கையில என்ன, எழுதுதீராக்கும்?"

"எத்தன பேரு குளிக்கோம்னு எழுதுதாரு போல!"

"மூஞ்சியப் பாத்தா படிச்ச ஆளு மாதிரில்லாக்கா இருக்கு."

"படிச்ச ஆளுதாம்ட்டி எழுதும்!"

என்ன சொல்ல? ஒருவரை வேவு பார்க்க வந்தேன் என்றா? கரைமேல் போன ஆண்கள் இரண்டு பேர் என்ன விஷயமென்று நின்றார்கள். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

அப்போது மேலே பாதையிலிருந்து பாயின் குரல் கேட்டது. சத்தம் கேட்டு வந்திருந்தார். ஆனால் துறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தென்னந்தோப்பைப் பார்த்தபடி நின்றே பேசினார்.

"யக்கா, அவர விட்டுருங்க. ஆத்துக் கமிட்டி செக்ரட்டரி அவரு. சாயத் தண்ணி எங்கன வருதுன்னு பாக்க வந்திருக்காரு. தப்பான ஆளு இல்ல. நான் பொறுப்பு."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வாராவாரம் பாட்டிலத் தூக்கிட்டு வந்து, நாங்க குளிக்கதப் பாத்ததும் திரும்பிப் போவாரே, அந்தப் பாய்தான? அவருக்கு இருக்க விவரம் ஒமக்கு இல்லையேவே" என்றார்.

நான் பாயோடு நடந்தேன்.

"நீங்க என்ன அண்ணாச்சி இங்கன?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த காகிதத்தையும் காட்டினேன். நின்று, முழுதும் படித்து, மடித்து என்னிடமே கொடுத்தார்.

"காலையில அது பொம்பளையாளுவ துறை. அங்கன நான் போயி நின்னா எப்படிப் பேசுவாவன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு தகராறு வந்தா அது என்னோட நிக்குமா? நாப்பது தப்படி தள்ளிப் புடிச்சா என்ன, ரெண்டும் ஒரே தண்ணிதானேன்னு நெனச்சேன். நேரத்த மாத்தலாமான்னு மொதல்லயே ஒங்ககிட்டச் சொன்னனே அண்ணாச்சி."

சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பைப் புரட்டினேன். முதல் கூட்டத்தன்றே, மூன்றாம் நம்பருக்கு மட்டும் ஒன்பது மணிபோல வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் ஒரே நேரம்தான் என்று நான் மறுத்திருக்கிறேன். பிற்பாடு அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: 'நேரத்தை மாற்றப் பார்க்கிறார். ஏன்? யாருக்காக?' அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. அந்தத் துறையை நான் போய்ப் பார்த்தது ஒரு நாள் மத்தியானம். அப்போது ஓர் ஆள்கூட இல்லை. மற்றதெல்லாம் மேசையில் வரைபடத்தை விரித்துப் போட்ட திட்டம்.

மாலைக் கூட்டத்தில் தீர்மானத்தை வைக்கவில்லை. காலையில் நடந்ததை வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த நாளே மனைவியை அழைத்துக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, மூன்றாம் பாட்டிலை அவரே பிடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். "தெனம் அந்தத் தண்ணியில விழுந்து கெடக்கது நாங்க. எங்ககிட்ட இப்பத்தான் கேக்கத் தோணிச்சோ?" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டில் வந்தது. ஊதா நிறத்தில்.

பாயின் சுத்தமான பாட்டில்கள் அதன்பிறகுதான் பேசின. நாற்பது தப்படி மேலே பளிங்கு, மூன்றாம் துறையில் ஊதா. அப்படியென்றால் குழாயின் வாய் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தாக வேண்டும். எந்தப் பாட்டில் எந்தத் துறையில் பிடித்தது என்று பதிவேட்டைத் திருத்தி, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்தோம். அவர் அங்கே தோண்டச் சொன்னார். மூன்றடி ஆழத்தில் குழாய் இருந்தது.

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பாயும் கைகொடுத்தார். குழுவிலும் நீடித்தார், தன் பழைய சிறிய துறையிலேயே தொடர்ந்து பிடித்துத் தந்தார். ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஞாயிறுக்குப் பிறகு, நான் வெளியே வரும்வரை நிற்பார். அரக்கு முத்திரையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்பார். கோபமாக அல்ல, சாதாரணமாகத்தான் சொல்வார். வேண்டாம் பாய் என்று நான் எத்தனை முறை சொல்லியும் ஒரு ஞாயிறுகூட அவர் அதை விடவில்லை. என் சிவப்புப் பேனாவை நான் அப்போதே தூக்கிப் போட்டுவிட்டேன். என்றாலும், யாரையாவது சந்தேகிக்க மனம் கிளம்பும்போதெல்லாம், வெளிச்சத்தில் திரும்பும் அந்த அரக்கு முத்திரைதான் இன்றும் என் கண்முன் வந்து நிற்கிறது.