அப்பாவின் கட்டைவிரல்

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். மடியில் சும்மா கிடந்த வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொண்டே இருந்தன. வெடிக்குத் திரி முறுக்குகிற மாதிரி. காபி டம்ளரை எடுத்ததும் நின்றது, வைத்ததும் தொடங்கியது. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் மருந்து கலக்குகிறவர். அலுமினியப் பொடியையும் கந்தகத்தையும் சலித்துச் சேர்க்கிற கை அது.

அப்போது நான் விருதுநகரில் லேப் டெக்னீசியன் படிப்பு, இரண்டாம் வருடம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் நோய் கண்டுபிடிக்கிற வயசு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பார்க்கின்சன் என்றது கம்ப்யூட்டர். மூளை நரம்புகள் மெல்ல மெல்லச் சாகும். அப்படிப்பட்டவர்கள் சிலருக்கு ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் கூடியிருக்கலாம், இன்னும் உறுதியில்லை என்றும் போட்டிருந்தது. உறுதியில்லை என்பதைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். அந்தப் புரதத்தைப் பார்க்க எங்கள் காலேஜ் லேபிலேயே வசதி இருந்தது, அது போதும்.

அப்பா லேசில் கையை நீட்டவில்லை. கம்பெனிக்குத் தெரியவருமா என்று இரண்டு தடவை கேட்டார். படிப்புக்கு வேணும், ஆளுக்கொரு ரத்தம் கொண்டுபோகணும் என்று புளுகினேன். "தரகன் மாட்டுப் பல்லைப் பாக்குற மாதிரி பெத்த அப்பனைப் பாக்கா" என்றாள் அம்மா.

லேபில் கறுப்புக் கண்ணாடிச் சில்லில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு, சோதனை மருந்து ஒரு சொட்டு. அந்தப் புரதம் கூடாவிட்டால் ஆட்டினாலும் பாலாகவே இருக்கும். திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டியது. எட்டு மடங்கு நீர்க்கவிட்டும் பார்த்தேன், அப்போதும் கட்டியது. இவ்வளவு ஏறினால் உடம்பில் எங்காவது புண்ணோ சீழோ இருக்கும் என்று லேப் மேடம் சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் கருவாடு தீய்ந்தது அவருக்கு மணக்கவில்லை. நடை குறுகிவிட்டது. இப்போதெல்லாம் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். எல்லாமே பார்க்கின்சன் கணக்கில் சேர்ந்தது.

ரத்தத்தில் ஏதோ கூடியிருக்கிறது என்றேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அதுல வேற என்னெல்லாம் தெரியும் தாயி?"

ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் கேட்கிற கேள்வியா அது? மறுநாள் கொடியில் காய்ந்த லுங்கியில் மஞ்சள் கறை பார்த்தேன். அடுப்படியில், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் தேங்காய் எண்ணெய் அடித்து வைத்திருந்தது. சுட்ட புண்ணுக்குப் போடுவது. யாருக்கு என்றேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத்தான், தொடையில. கலக்குறப்ப மருந்து லேசாச் சீறிருச்சாம். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குத் தெரிஞ்சா கம்பெனியைப் பூட்டிருவாக, சீசன் நேரம்னு போர்மேன் சொல்லிட்டாரு. நீயும் வாயைத் தெறக்காத."

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். சின்னக் காயம் வீட்டோடு ஆறும். மீறினால் ஆஸ்பத்திரியில் சுடுதண்ணி கொட்டிருச்சு என்பார்கள், என்ன வேலை என்று கேட்டால் கட்டட வேலை என்பார்கள். அப்பாவும் அப்படியே சொல்லி ஊசி போட்டுக்கொண்டார். மூன்று வாரத்தில் புண் ஆறியது. திரும்ப ரத்தம் பார்த்தேன். சில்லில் ஒரு துகள்கூட இல்லை.

அம்மாவுக்கு நிம்மதி. எனக்கில்லை. கட்டைவிரல் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தது. அதைவிட, அந்த மருந்து ஏன் சீறியது என்ற சந்தேகம் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. தட்டு வழுக்கிருச்சு என்றார் அப்பா. அந்தத் தட்டை அவர் இருபது வருஷமாகப் பிடிக்கிறார்.

அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போனேன். நரம்பு டாக்டர் என் ரத்தச் சோதனைப் பேப்பர்களை ஒரு புரட்டுப் புரட்டி ஓரமாக வைத்தார். "இது புண்ணு இருந்ததைச் சொல்லுதும்மா. இந்த நோய்க்கு ஆளைத்தான் பாக்கணும்." விரலைத் தட்டச் சொன்னார். வராந்தாவில் நடக்கவிட்டார். இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டியே வந்தது. அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு என்ன வேலை என்று கேட்டார்.

கட்டட வேலை என்பார், நானும் சும்மா இருந்துவிடுவேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பட்டாசுக்கு மருந்து கலக்குறேங்கய்யா. கூட நாலு பேரு இருக்காக. அன்னைக்குத் தட்டு வழுக்கல. கைதான் சொன்னபடி கேக்கல."

டாக்டர் பார்க்கின்சனுக்கு மாத்திரை எழுதினார். அப்பா அப்புறம் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறைக்குள் போகவில்லை. லேபிள் ஒட்டுகிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.