நடுங்கியது என் கையல்ல

சென்ற ஆண்டு பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம். அடையாறு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகள் நடுங்குவதைப் பார்த்தேன். பாலம் இறங்கி வேகம் குறைந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. பின்சீட்டில் பிள்ளைகள் நான்கு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கவனிக்கவில்லை.

என் பெயர் எஸ்தர். வயது நாற்பத்தொன்பது. மந்தைவெளியில் குடியிருக்கிறோம். என் கணவர் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். எங்கள் தெருப் பிள்ளைகளை அடையாறில் இருக்கும் பள்ளிக்கு என் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். பதினோரு வருடமாக அதுதான் என் வேலை. வேறு வேலை எனக்குத் தெரியாது.

என் அப்பாவுக்கு நடுக்குவாதம் இருந்தது. அவருக்கும் ஐம்பதுக்கு முன்பே ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு கை. சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. கடைசி மூன்று வருடம் நான்தான் அவருக்கு ஊட்டிவிட்டேன். அதனால் பாலத்தின் மேல் என் கை ஆடியதைப் பார்த்தபோது யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஜூலையில் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேராகப் பிடித்தாலும் நேராகப் போகவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். வீல் அலைன்மென்ட் செய்து, தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வண்டி சூப்பரா கீதும்மா. ஓட்டுற கையிலதான் இன்னாவோ கீது."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது தீர்ப்பாக விழுந்தது. நான்கு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடியும் நடுக்கம். நான் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்து ஓட்டினேன். தினமும் ஓட்டினேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, மழை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டி தானாக இடது பக்கம் பாய்ந்து நடைபாதையில் இடித்து நின்றது. ஹரிணி என்ற ஏழு வயதுக் குழந்தையின் வாய் முன்சீட்டில் மோதி உதடு கிழிந்துவிட்டது. இரண்டு தையல். அவளுடைய அம்மா சுதா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். என்னைத் திட்டவில்லை.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. உங்க உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாள்.

"இல்ல சுதா. பள்ளம் தெரியல," என்றேன்.

அந்த வாரமே நான்கு வீட்டுப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கணவர் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். சமைக்க மாட்டேன். ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் பாடும்போது என் வாய் திறக்காது. இருபது வருடமாக ஜெபக்குழுவில் மற்றவர்களுக்காக ஜெபித்தவள் நான். எனக்காக ஜெபிக்க ஒரு வார்த்தை வரவில்லை. இன்னொருவர் எனக்கு ஊட்டிவிடும் நாள் வருவதற்குள் என் மூச்சு நின்றுவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஒரு விசுவாசி அப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நான் நினைத்தேன்.

ஒரு நாள் சாதம் வடிக்கும்போது அழுதுவிட்டேன். அப்போதுதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுநாளே லீவு போட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் அம்மா கைகளை நீட்டச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். எழுதச் சொன்னார்.

"இப்ப எனக்கு எதுவும் தெரியல. ஆனா ஆரம்பத்துல சில பேருக்குத் தெரியாமலும் இருக்கும். ஆறு மாசம் கழிச்சு வாங்க," என்றார்.

ஆறு மாதம். அதை எப்படித் தாண்டுவது? வீட்டு வாசலில் நின்றிருந்த காருக்குள் போய் உட்கார்ந்து, அன்றுதான் ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகம் கொடும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என் கைக்கு என்ன என்று மட்டும் தெரியப்படுத்தும். தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை." அவ்வளவுதான். மனதில் சமாதானம் வந்தது என்று சொன்னால் அது பொய். ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம் அதே வார்த்தைகளைத் தினமும் சொன்னேன். வானம் மூடியே இருந்தது.

கடைசியில் காரை விற்க முடிவு செய்தோம். கணவரின் கடைக்கு வரும் ஒருவர் வாங்க வந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். அவரே ஓட்டினார். நான் பின்சீட்டில் இருந்தேன். சைதாப்பேட்டை தாண்டி ரோடு காலியானதும் வேகம் எடுத்தார்.

அப்போது பார்த்தேன். ஸ்டியரிங்கின் மேல் இருந்த அவர் கைகள் நடுங்கின.

முப்பது வயது ஆள். திடமான கைகள். என் கைகள் ஆடிய அதே மாதிரி ஆடின.

"இன்னாங்க இது, ஸ்டியரிங் இப்படி ஆடுது?" என்று அவர் எரிச்சலோடு கேட்டார். மூன்று மாதமாக அந்த வண்டியை என்னைத் தவிர யாரும் வேகமாக ஓட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போன வண்டி என்று நான் சொல்ல, மெக்கானிக் பாஷா பாய் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து அசைத்தார். கடக், கடக் என்று சத்தம் வந்தது. வண்டியை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க குந்தும்மா. சக்கரத்துக்குப் பின்னால, இந்த மூட்டு மேல கைய வை. நான் உள்ள உக்காந்து ஸ்டியரிங்க லேசா ஆட்டறேன்."

வைத்தேன். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு அது. டை ராடு எண்ட் என்றார். அவர் ஆட்ட ஆட்ட, அது தன் கூட்டுக்குள், ஆடும் பல்லைப் போலத் துள்ளியது. என் விரல் அசையாமல் இருந்தது. மூட்டுதான் துள்ளியது.

"தேஞ்சு போச்சும்மா. இதான் வேகம் எடுத்தா ஸ்டியரிங்க ஆட்டுது. அந்தப் பக்கமும் இதே கதைதான். எத்தினி வாட்டி அலைன்மென்ட் பண்ணாலும் நிக்காது. இத்த வெச்சுக்கினா புள்ளைங்கள ஏத்திக்கினு போன? இன்னொரு பெரிய பள்ளத்துல எறங்கியிருந்தா கழண்டுக்கினு போயிருக்கும்."

கிரீஸ் பூசிய கையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளைகள் நின்றுபோனதற்காக நான் எத்தனை நாள் அழுதேன். அதே நாட்களில்தான் அந்த மூட்டு கழன்றுவிழக் காத்திருந்தது. நான்கு பிள்ளைகளையும் ஆண்டவர் அதிலிருந்து இறக்கிவிட்டார் என்று நான் விசுவாசிக்கிறேன்.

ஆனால் ஹரிணியின் உதடு கிழிந்தது கிழிந்ததுதான். மறுநாள் சுதா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹரிணியை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு வியாதி இல்லங்கறது சந்தோஷம்க்கா. ஆனா ரெண்டு மாசமா கை ஆடுதுன்னு தெரிஞ்சும் எம்புள்ளைய ஏத்தினீங்களே."

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மூட்டுகளை மாற்றி வண்டியைச் சரிசெய்த பிறகு, மற்ற வீடுகளிலிருந்து இரண்டு பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். ஹரிணி வரவில்லை.

ஆறு மாதம் கழித்து டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். அப்பாவின் வியாதி எனக்கு என்றைக்கும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால் இந்தத் தடவை மறைக்க மாட்டேன். இப்போது வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும், உடம்பில் சின்ன வலி வந்தாலும், அன்றே வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். வானம் மூடியிருந்த அந்த மூன்று வாரமும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு என் நன்றி.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒரு பயத்தை ஒளித்து வைத்திருந்தால், ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழகான வார்த்தைகள் வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். பதில் யார் மூலமாக வரும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு அது கார் வாங்க வந்த ஒருவர் மூலமாக வந்தது. அவர் காரை வாங்கவும் இல்லை.