லொறிக்கு மூச்சு முட்டிய நாள்

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20, சனிக்கிழமை. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வேலணைத் தீவின் சரவணையில் என் வீட்டு வேலிப் படலைக்கு முன்னால், தாங்கி நிறையத் தண்ணீரோடு என் லொறி நின்றது. அதற்குக் கீழே மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது பெரிதாகியது. ஒயில்!

நேரத்தை இவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பத்தொன்பது வருடங்களாக ஒரு பழக்கம் இருக்கிறது. லொறி, மழை, வெயில், பறவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் திகதி போட்டுக் கொப்பியில் எழுதிவிடுவேன்.

கோடையில் சாட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் எடுத்து, ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு கடற்கரைக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் தொழில். அங்கே நாற்பது வீடுகள் இருக்கின்றன, கிணறெல்லாம் உப்பு. அந்த வருடம் டீசல் இல்லாமல் நாடே நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். என் லொறி முப்பத்தேழு நாள் அசையவில்லை. அந்தச் சனங்கள் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டி, தூர இடங்களுக்குப் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். கடைசியில் டீசல் கிடைத்ததும், சனிக்கிழமை காலமை கட்டாயம் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். சாட்டிக்குப் போய்த் தாங்கியை நிரப்பிக்கொண்டு, வழியில் தேத்தண்ணி குடிக்க வீட்டில் நிறுத்தியபோதுதான் இந்தக் கறுப்பு வட்டத்தைக் கண்டேன்.

லொறிக்கடியில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்திலிருந்து சொட்டியது. அங்கே சொட்டினால் எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல், அதாவது ஒயிலை உள்ளே தடுத்து வைக்கும் வளையம், போய்விட்டது என்று வாசித்திருக்கிறேன். கியர் பெட்டியை இறக்காமல் அதை மாற்ற முடியாது. அந்த நாட்களில் சீலும் கிடையாது, ஒயிலும் அருமை.

பத்து மணியளவில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் சைக்கிளில் இரண்டு வெறும் கானோடு வந்து இறங்கினார். கடற்தொழில் செய்பவர்; என்னிலும் பத்துப் பதினைந்து வயது இளையவர். வள்ளத்து டீசல் எஞ்சினைத் தானே கழற்றிப் பூட்டுவார். அவருக்குப் பத்து நாளைக்கு முன்னர்தான் மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தது.

"என்ன அண்ணை, லொறி வழியை மறந்து போச்சோ?"

"பின் சீல் போயிட்டுது. இனி எப்ப ஓடுமோ தெரியாது. நீர் உம்மடை கானை நிரப்பிக்கொண்டு போம்."

"எனக்கு மட்டும் கொண்டுபோனால் அங்கை ஒருத்தரின்ரை முகத்திலையும் முழிக்கேலாது." தாங்கியை விரலால் ஒருதரம் தட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உப்புத் தண்ணியிலைதான் பிள்ளையை முழுக வாக்கிறம். உடம்பெல்லாம் சிவந்து பொரிஞ்சு கிடக்கு."

அவர் கான்களை வேலியோடு வைத்துவிட்டு லொறிக்கடியில் புகுந்தார்.

"சீல்தான் எண்டு ஆர் சொன்னது?"

"புத்தகத்திலை இருக்கு."

"புத்தகம் இதுக்கடியிலை படுத்துப் பார்த்ததோ?"

கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடி செய்தேன். எஞ்சின் ஆறியதும், உப்புக் கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் கொண்டு முழுவதையும் கழுவித் துடைத்தோம். பிறகு அவர் என் மனைவியிடம் முகப்பவுடர் கேட்டார். மனைவி அலுமாரியிலிருந்து பவுடர்ப் பேணியை எடுத்துவந்து, "என்ன, லொறிக்குக் கலியாணமோ?" என்றார். பவுடரை எஞ்சினைச் சுற்றித் தூவினோம். எங்கே கசிந்தாலும் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும் என்பதுதான் யோசனை.

எஞ்சினை ஓடவிட்டு ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்தோம். ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஒயில் அளக்கும் கம்பி நிற்கும் குழாயின் வாயில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அடுத்து எஞ்சினின் மேல் மூடி ஓரத்தில் ஒன்று. அதற்குப் பிறகு பின்பக்கம்.

"மூண்டு இடமும் ஒரே நாளிலை பழுதாகுமோ அண்ணை?"

ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினார். புஸ்! மூடி கையை விட்டுத் துள்ளிப்போய் மண்ணில் விழுந்தது.

"சீலுக்கு ஒண்டுமில்லை. இதுக்கு மூச்சு முட்டுது! உள்ளுக்கை இருக்கிற காத்துக்கு வெளியாலை போக வழியில்லை. அதுதான் கண்ட கண்ட இடத்தாலை ஒயிலைத் தள்ளுது. கடைசியா எப்ப ஒழுகாமல் ஓடினது?"

இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்! ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துவந்தேன்.

"யூலை 14. ஒயில் மட்டம் சரி. கசிவு இல்லை. டீசல் முடிந்தது."

"பேந்து?"

"யூலை 21. சில்லுகளுக்குக் காற்று அடித்தேன்... மற்றது லொறியைப் பற்றினது இல்லை."

"எல்லாத்தையும் வாசியுங்கோ."

"யூலை 29. குளவி ஒன்று லொறிக்கு அடியில் மண் கொண்டுபோகிறது. ஒரு மணித்தியாலத்தில் பதினொரு தடவை. ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். எங்கே கட்டுகிறது என்று தெரி..."

நான் முடிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் லொறிக்கடியில் பாய்ந்ததில் தலையும் தலையும் மோதிக்கொண்டன. எஞ்சினின் காற்று வெளியேறும் சிறு குழாய் ஒன்று கீழ்நோக்கித் தொங்கும். அதன் வாய்க்குள் விரலை விட்டேன். சீமெந்து போல இறுகிக் கிடந்தது மண்.

அன்றைக்கே அந்தக் குளவியைக் கலைக்கப் போனவன் நான். மனைவிதான் தடுத்தார். குளவி வந்து கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும், உடைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் மகள் கலியாணம் கட்டி அப்போது நாலு வருடம்; பிள்ளை இல்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குளவியை அதன்பாட்டில் விட்டுவிட்டேன். இப்போதும் படலையடியில் அதே முகத்தோடு நின்றார்.

வந்தவருக்கு விளங்கிவிட்டது. குழாய்ப் பக்கம் நீட்டிய கையை எடுத்தார்.

"அக்கா, குளவி விலாசம் மாறிக் கட்டிப்போட்டுது. பிள்ளை என்ரை வீட்டிலை வந்திட்டுது."

மனைவி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "உடையுங்கோ தம்பி. பிள்ளை நல்ல தண்ணியிலை முழுகட்டும்."

சைக்கிள் கம்பி ஒன்றை நிமிர்த்திக் குத்தினோம். மண் கட்டி கட்டியாக விழுந்தது. நடுவில், குளவி தன் குஞ்சுக்கென்று கொண்டுவந்து அடைத்த பச்சைப் புழுக்கள் காய்ந்து கிடந்தன. வழி முழுவதும் திறந்ததும் துடைத்து, மீண்டும் பவுடர் போட்டு எஞ்சினை ஓடவிட்டோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இருபது நிமிடம்! வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஐம்பது தாண்டிய நானும் மூன்று பிள்ளைக்குத் தகப்பனான அவரும் நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டதைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ!

வைத்திருந்த ஒரேயொரு போத்தல் ஒயிலை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து, அவருடைய சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டு 12.05க்குப் புறப்பட்டோம். இரண்டு இடத்தில் நிறுத்தி அடியைப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. லொறியின் சத்தம் கேட்டே சனம் குடங்களோடு தெருவுக்கு வந்துவிட்டது. முதல் குடம், யாரும் சொல்லாமலே, அந்தப் பச்சைப்பிள்ளையின் வீட்டுக்குப் போனது.

லொறியின் அந்த ஒயில் சீலை நான் இன்றுவரை மாற்றவில்லை. மகளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அந்தக் கூட்டைப் பற்றி மனைவி ஒரு சொல்லும் என்னைக் குறை சொன்னதில்லை. எல்லாவற்றையும் குறித்து வைப்பவன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. லொறியின் நோய் மூன்று கிழமையாக என் கையெழுத்திலேயே கிடந்தும் எனக்குத் தெரியவில்லை. வாசியுங்கோ என்று கேட்க ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வருகின்றன.