கடைசி வீட்டு நிலைக்கால்

எர்ணாவூர் உப்பளத்து ஓரம் இன்று ரயில் நிற்கிறதென்றால் அது என்னால். முழங்கால் சேற்றில் மண் கொட்டி மேடை எழுப்பியவன் நான். நல்ல தண்ணீர் வராது என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு தோண்டியவன் நான். கூலி லைன் பன்னிரண்டு வீட்டுக்கும் செங்கல் சுவர் வைத்து ஓடு போட்டதும் நான்தான். படித்தது இரண்டாம் வகுப்பு. ஜல்லி கொட்டும் கூலியாக வந்து மேஸ்திரி ஆனேன்.

ராயபுரத்து வாத்தியார் ஒருவர் எங்கள் ஊர்ச் சரித்திரம் எழுதுகிறார். ஊர் என்ன ஊர், தண்டவாளம் பார்க்கிற பன்னிரண்டு குடும்பம். செங்கல் வீடு வருவதற்கு முன்னால் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். என்னை விட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தக் காலத்து வீடுகள் தண்டவாளத்துக்கு மறுபக்கம், பழைய சிலீப்பர் கட்டையால் கட்டியவை. குடி வந்தால் வாசல் நிலைக்காலில் ஆளுக்கு ஒரு தண்டவாள ஆணி அடிப்பார்கள். பிள்ளை பிறந்தால் இன்னொன்று. ஆள் செத்தால் ஆணியைப் பிடுங்கிப் பிணத்தோடு புதைப்பார்கள். ஓட்டை அப்படியே நிற்கும். எழுதத் தெரியாத ஜனங்களுக்கு அதுதான் பதிவு.

வாந்திபேதி வந்த வருஷம் நிலைக்காலெல்லாம் ஓட்டை. கடைசி வீட்டில் ஓர் ஆணியும் மிஞ்சவில்லை. நோய் பரவக் கூடாதென்று லைனைக் கொளுத்தச் சொன்ன ரயில்வே துரை ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தார். நான் அன்று மத்தியானமே பந்தம் வைத்தேன். வேகமான ஆள் என்று பெயரெடுத்தால் புது வீட்டு வேலை என் கைக்கு வரும். வந்தது.

கடைசி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி இப்போது காசிமேட்டில் மீன் விற்கிறாள். தேடிப் போனேன்.

“எங்க வூட்ல போனதுங்க பேரு நா சொல்லிடுவேன், மேஸ்திரி. கடைசி வூட்டுக்காரங்க வந்து ஆறு மாசங்கூட ஆவல. தெலுங்கு பேசிக்கினு இருந்தாங்க. நா இன்னாத்த கண்டேன்?”

“எத்தினி பேருன்னாவது சொல்லும்மா.”

“போய் ஓட்டைய எண்ணிக்கோ.” செதில் சீவுவதை அவள் நிறுத்தவில்லை. “அந்தக் கட்டைய மட்டும் வுட்டுடு நைனான்னு உன் கால்ல வுழுந்தேனே. தொர எதிர்ல இன்னா ஜோரா கொளுத்தினே.”

மறுநாள் மண்வெட்டியோடு பழைய லைனுக்குப் போனேன். முள் மண்டிக் கிடந்தது. தோண்டத் தோண்ட ஆணிகள் வந்தன, துருவேறி. அத்தனையும் அன்று பிழைத்துக் கிடந்தவர்கள். இரும்பு நெருப்பில் தப்பும். ஓட்டை தப்பாது. கடைசி வீட்டு வாசல் மண்ணைச் சல்லடை வைத்துச் சலித்தேன். இருக்காதென்று தெரிந்தேதான் சலித்தேன். ஐந்து ஓட்டையா, ஆறா? பந்தம் வைக்கும்போது அந்த நிலைக்காலுக்கு நேரேதான் நின்றேன். எண்ணவில்லை.

வாத்தியார் எழுதியதைப் படித்துக் காட்டினார். மேடை, கிணறு, வீடு எல்லாம் துரை கட்டியதாம். கொளுத்தியதும் துரையாம். கடைசி வீடு என்ற பேச்சே இல்லை.

வாத்தியாரே, கட்டியவன் நான் என்று என் பெயரைப் போடும். கடைசி வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது என்றும் போடும். எத்தனை பேர், என்ன பேர் என்று படிக்கிறவன் கேட்பான். தெரியாமல் போனதற்குக் காரணம் யார் என்று அதன் கீழேயே எழுதும். அங்கேயும் என் பெயர்தான் வர வேண்டும், துரை பெயர் அல்ல.