மஞ்சள் ஏணி

ஏணிக்காரர் ஏணியைத் தோளிலிருந்து இறக்கி, சந்துக்குள் இருக்கும் இரும்புப் படிக்கட்டை ஒட்டிச் சாத்திவிட்டு, ஒரு தடவை அசைத்துப் பார்க்கிறார். ஆடக் கூடாது. அதில் யாரும் ஏறப் போவதில்லை. இருந்தாலும் அசைத்துப் பார்க்காமல் அவரால் நகர முடியாது. பிறகு தெருமுனைக்குப் போய், போகிற வருகிற ஆண்களையெல்லாம் ஜேப்படித் திருடனைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டு நிற்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் இதே கதைதான்.

கடைகளுக்கு விளக்குப் போர்டு மாட்டுவது அவர் தொழில். ஏணிக்குப் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருப்பதால், எந்தத் தெருவில் வேலை செய்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். எல்லோருக்கும் அவர் ஏணிக்காரர்தான். நான் இந்தக் கட்டிடத்தின் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சந்துப் படிக்கட்டில் ஏறினால் வருகிற மாடி அறையில், குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் சனிக்கிழமைதோறும் கூடிப் பேசுகிறார்கள். ஏணிக்காரர் அங்கே பழைய ஆள். குடியை விட்டாரே தவிர கோபத்தை விடவில்லை. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட எரிந்து விழுவார்.

அந்தக் கூட்டத்துக்கு போர்டு கிடையாது. கட்டிடத்துக்காரர் வைக்க விடவில்லை. குடிகாரர்கள் வந்துபோகிற இடம் என்று தெரிந்தால் கட்டிடத்தின் பெயர் கெட்டுவிடுமாம். எதிர்ச்சாரியில் மதுக்கடை இருக்கும் கட்டிடமும் அவருடையதுதான். அதன் போர்டு தெருக்கோடிவரை ஜொலிக்கிறது. அங்கே மட்டும் பெயர் கெடுகிற பேச்சே இல்லை. நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஏணிக்காரருக்குக் கேட்க வேண்டுமா? அந்த போர்டை மாட்டியவரே அவர்தான்.

"குடிக்க வழி கேட்டா ஊரே கை காட்டுது. நிறுத்த வழி கேட்டா உதட்டப் பிதுக்குது" என்பார். இந்தப் படிக்கட்டைக் கண்டுபிடிக்க அவரே வாரக்கணக்கில் நாயாக அலைந்திருக்கிறார். ஒரு வாரம் பக்கத்துக் கட்டிடத்துத் தையல் வகுப்புக்குள் போய் நின்றார். அடுத்த வாரம் பல் டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். முறை வந்ததும் விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது நாம் சிரிக்கலாம் என்று நினைத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் மனைவியின் தம்பிதான் தொழிலில் கூட்டாளி. மச்சினன் ஏறுவான். ஏணிக்காரர் கீழ்ப்படியில் ஒரு காலை அழுத்தி வைத்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொள்வார். மேலே போனவன் இறங்குகிறவரை, தும்மல் வந்தால்கூடக் கையை எடுக்க மாட்டார். அவன் குடித்துவிட்டு வேலைக்கு வர ஆரம்பித்ததும் ஏணியில் ஏற்ற மறுத்தார். வாய்ச்சண்டை முற்றி அவன் போய்விட்டான்.

பிறகு ஒரு நாள், தானும் கூட்டத்துக்கு வருவதாக அவனே அக்காவிடம் சொல்லியனுப்பினான். சொன்னபடி வந்தும் விட்டான். அன்று என் கடை பூட்டியிருந்தது. கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வழி தெரியாமல் ஏணிக்காரருக்கு போன் செய்திருக்கிறான். அறைக்குள் எல்லோரும் போனை அணைத்துவிட வேண்டும் என்பது கூட்டத்தின் கட்டுப்பாடு. அவரும் அணைத்திருந்தார். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எதிரே வெளிச்சமாக இருந்த இடத்துக்குள் போய்விட்டான். கூட்டம் முடிந்து இறங்கியவர், தான் மாட்டிய போர்டுக்குக் கீழே விழுந்து கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இன்னொரு தடவை இப்படிக் குடித்து விழுந்தால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஏணி வந்தது. கட்டிடத்துக்காரர் இறங்கி வந்து, இதென்ன அடையாளம், எடு என்றார்.

"இது போர்டு இல்ல, ஏணி. எழுத்து எங்கயாவது இருந்தா காட்டுங்க" என்றார் ஏணிக்காரர். "எடுக்கணும்னா எதிர்ல உங்க கட்டிடத்து போர்டு மேலதான் சாத்தணும். மாட்டினவனுக்குக் கழட்டவும் தெரியும்."

கட்டிடத்துக்காரர் எதிர் போர்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு அன்று முழுவதும் குளுகுளுவென்று இருந்தது. இப்போது கூட்டத்துக்கு வழி கேட்கிறவர்களிடம், மஞ்சள் ஏணி இருக்கிற சந்து என்று சொன்னால் போதும். புதிதாக வருகிறவர்களை மேலே அனுப்பிவிட்டு, ஏணிக்காரர் மட்டும் தெருமுனையிலேயே நிற்பார். யாருக்காக என்று நான் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை மச்சினன் வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. சந்துக்குள் வந்து ஏணியைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"கண்ணு இப்பதான் தெரிஞ்சுதா?" என்றார், தெருமுனையிலிருந்து பின்னாலேயே வந்த ஏணிக்காரர்.

"மேல எல்லாரும் பாப்பாங்க மாமா. காலு நடுங்குது."

"நடுங்கட்டும். ஏறு."

அவன் படிக்கட்டில் கால் வைத்தான். சிமெண்டில் புதைத்த இரும்புப் படிக்கட்டு, யானை ஏறினாலும் அசையாது. ஏணிக்காரர் அதன் கீழ்ப்படியில் ஒரு காலை அழுத்தி வைத்து, இரண்டு பக்கக் கம்பியையும் இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கிறவரை கையை எடுக்கவில்லை.