உத்திரத்துக்கு அடியிலிருந்து வந்த சிக்னல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீங்கள் பார்க்கிற ஷெட்களில் பாதிக்குக் கிரேனில் கூரை ஏற்றியது நான். பாடியில் பழைய கம்பெனிகளின் கூரையைப் பிரித்து, யானை மாதிரி பிரஸ் மெஷின்களை மேல் வழியாக உள்ளே இறக்கி வைத்தது நான். பூந்தமல்லிப் பக்கம் அடுக்கடுக்காக நிற்கிறதே பிளாட்டுகள், அவற்றில் பலவற்றின் உச்சியில் இருக்கிற லிப்ட் மோட்டாரும் தண்ணீர் டேங்கும் என் கை வழியாகத்தான் மேலே போயின. ஆவடியில் சொந்த வீடு. இரண்டு பெண்கள், இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. நான் படித்தது ஆறாவது, அதுவும் அரைகுறை. யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க நான் என்ன திருடியா சேர்த்தேன்?

ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், அடைமழை விட்டு வெயில் வந்த காலை. நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு பெரிய குடோன் கட்டிக்கொண்டிருந்தோம். அன்று நடந்தது இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

கிரேன் ஆபரேட்டர் ஆக என்ன வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் வேண்டும், கண் டாக்டர் கொடுக்கிற சர்டிபிகேட் வேண்டும். அதெல்லாம் சரி. நான் முதலில் கலாசியாகத்தான் சேர்ந்தேன். கீழே நின்று சாமானுக்கு பெல்ட் கட்டிக் கொக்கியில் மாட்டுகிற வேலை. அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் லீவரைத் தொடவே விடமாட்டார்கள். கேபின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அவர்கள் கால் எங்கே மிதிக்கிறது, கை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று திருட்டுத்தனமாகப் பார்த்தே தொழில் பிடித்தேன். காலையில் தண்ணீர் குடிக்காமல் ஏறப் பழகினேன். சுமை தொங்கும்போது ஒன்றுக்கு வருகிறது என்று இறங்க முடியாதே. இவ்வளவும் யாருக்கும் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான். ஒரே ஒரு ஆளின் கையை மட்டும் பார்ப்பது.

மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கொக்கியின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே நிற்கிற சிக்னல்மேன் கைதான் அவனுக்குக் கண். விரலைச் சுழற்றினால் தூக்கு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரித்தால், துளித்துளியாகத் தூக்கு. முஷ்டியை மூடினால் அப்படியே நில். என் சிக்னல்மேனுக்குப் பூந்தமல்லிப் பக்கத்து நூம்பல்தான் ஊர். பல வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. அவன் கை காட்டுவான், நான் ஒரு தடவை ஆரன் அடிப்பேன். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். ஆரன் கேட்காமல் அவன் அடுத்த சிக்னல் கொடுக்கமாட்டான்.

தினமும் வேலை ஆரம்பிக்கும்போது அவனுக்கு ஒரே பல்லவிதான். "மாமே, என் கைய மட்டும் பாரு. உன் பொஞ்சாதியே வந்து கை ஆட்னாலும் பாக்காத."

"அவ ஆட்னா அது கையா இருக்காது நைனா, தொடப்பமா இருக்கும்" என்பேன் நான்.

அன்று தூக்க வேண்டியது கூரைக்கான நீள இரும்பு உத்திரம். ஒரு கிரேனால் ஆகாது. ஒரு முனையை நான், மறு முனையை வேறொரு கிரேன். அதன் ஆபரேட்டர் அன்றைக்குத்தான் வந்தவர். இரண்டு கிரேனுக்கும் சிக்னல் ஒரே ஆள், என் ஆள். ஒரு முனை முந்திக்கொண்டால் உத்திரம் சாய்ந்து பெல்ட் வழுக்கிவிடும். அதனால் இரண்டு பேரும் ஒரே கையைப் பார்த்தாக வேண்டும்.

உத்திரம் ஆள் உயரம் தாண்டியதும், இரண்டு முனையும் மட்டமா என்று பார்க்க அவன் முஷ்டியை மூடினான். நான் ஆரன் அடித்து நின்றேன். அந்தப் பக்கம் சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்தே அவர் அவசரத்தில் இருந்தார். அந்த கிரேனுக்கு முன்னால் போய் நின்று, "இன்னும் இன்னாய்யா பாத்துகினு கீற? தூக்கு, தூக்கு!" என்று கையைச் சுழற்றினார். அந்த ஆபரேட்டர் சூப்பர்வைசர் கையைப் பார்த்துத் தூக்கிவிட்டார். வேலை கொடுக்கிறவர் கை. அந்த ஆபரேட்டரை நான் திட்டமாட்டேன். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு ஆளைக் கொல்ல அந்த ஒரு பார்வை போதும்.

உத்திரம் சாய்ந்தது. என் ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று அந்த கிரேனைப் பார்த்து ஓடினான். அதற்குள் அந்த முனை பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு விழுந்தது. மண் தெறித்து எதுவும் தெரியவில்லை. தெரிந்தபோது, உத்திரத்தின் ஒரு முனை என் கொக்கியில் தொங்கியது. மறு முனை தரையில். அதற்குக் கீழே அவன்.

விழுந்த அதிர்ச்சியில் என் கிரேனும் ஆடிப்போனது. வண்டி சாயாமல் இருக்க ஊன்றியிருந்த இரும்புக் கால்களில், முன்கால் மழையில் ஊறிய மண்ணில் இறங்கி, பின்கால் தரையை விட்டு எழும்பிவிட்டது. அலாரம் கத்தியது. கேபின் சாய்ந்ததில் என் சாப்பாட்டுத் தூக்கு உருண்டு கதவில் போய் இடித்தது. மற்ற கிரேனில் இருந்தவர் குதித்து ஓடிவிட்டார். எனக்கும் கால் கதவுப் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொன்னால் என்ன? திரும்பியது.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். உத்திரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில், முழங்கை வரை வெளியே கிடந்தது. செத்துவிட்டான் என்று நினைத்தேன். அந்தக் கை மெதுவாக எழும்பி முஷ்டியை மூடியது.

ஆரன் அடித்தேன்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "தூக்குய்யா, ஆளு சாவறான்!" என்று சூப்பர்வைசர் கத்துகிறார். "எறக்கு, எறக்கு!" என்று இன்னொருவர். எல்லார் கையும் காற்றில் ஆடுகிறது. எடுத்த எடுப்பில் தூக்கினால் உத்திரம் இழுபட்டு அவன் நெஞ்சுக்கு ஏறிவிடும். இறக்கினால் மொத்த எடையும் அவன் மேல். எது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அடியில் கிடக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் வேறு எந்தக் கையையும் பார்க்கவில்லை.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிப் பிரிந்தன. ஆரன் அடித்தேன், துளி தூக்கினேன். முஷ்டி. ஆரன். நின்றேன். "கட்டை சொருவுங்கடா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். கலாசிகள் ஓடிவந்து கிடைத்த இடைவெளியில் மரக்கட்டையைத் திணித்தார்கள். மறுபடியும் விரல். மறுபடியும் ஆரன். ஆள் சாகும்போது இந்தக் கிழவன் ஆரன் அடித்து விளையாடுகிறான் என்று கூட்டத்தில் யாரோ திட்டினார்கள்.

ஒரு கலாசி படியில் ஏறி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணாத்தே, வண்டி சாயுது, எறங்கு!"

"கதவ சாத்திட்டு போடா" என்றேன். கண்ணை அந்தக் கையை விட்டு எடுக்கவில்லை.

கடைசி சிக்னல் முஷ்டிதான். அந்த இடைவெளியில் அவனை இழுத்து வெளியே எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. கை மட்டும் மூடியபடியே இருந்தது. ஆம்புலன்ஸ் போனது, எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள். நான் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறக்கு என்று சொல்ல வேண்டிய கை போய்விட்டதே, நான் யாரைப் பார்த்து இறக்குவது?

ஆஸ்பத்திரியில் இரண்டு காலையும் எடுத்தார்கள். நசுங்கிய சதையின் விஷம் கிட்னிக்கு ஏறிவிட்டது என்றார்கள். நான் போனபோது கண்ணைத் திறந்தான்.

"மாமே, ஆரன் சத்தம் நிக்கவே இல்ல. அதான் நானும் கைய வுடல" என்றான். பிறகு, "வண்டி சாஞ்சிச்சாமே, குதிச்சிருக்கலாம் இல்ல?"

"நீ குதின்னு சிக்னல் குடுக்கலயே" என்றேன். சிரிக்கப் பார்த்தான். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அந்த வாரமே போய்விட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சூப்பர்வைசர் தன் கை செய்த காரியம் வெளியே வரக்கூடாது என்று, ஆபரேட்டர்கள் இரண்டு பேரும் குதித்து ஓடிவிட்டார்கள், உத்திரத்தைப் பிடித்து நிறுத்தியது கிரேனில் தானாக விழுகிற பூட்டு என்று சொல்லிவிட்டார். பேப்பரிலும் அப்படியே வந்தது. நான் போய்ச் சொன்னேன். கம்பெனியில், டீக்கடையில், சங்கத்தில், எல்லா இடத்திலும் சொன்னேன். அங்கே நின்று பார்த்தவர்களில், என் சட்டையைப் பிடித்து இழுத்த கலாசி உட்பட, வேலை போய்விடும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "பெருசு ஆரம்பிச்சிடுச்சுபா" என்று கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆயுசு முழுக்க என் பெருமையை நானே பேசியவன். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

சாவு வீட்டில் அவன் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே வார்த்தை. "நீயும் குதிச்சிட்டியாமே அண்ணா?"

இல்லை என்றேன். ஆரன் சத்தத்தைப் பற்றி அவன் சொன்னதையும் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். என் கதைகளுக்கு எல்லாரும் ஆட்டுவது போலவே ஆட்டினார். அதன் பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

கிரேன் ஆபரேட்டர் ஆக என்ன வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், கீழே ஒரு கை உன்னை நம்பி மேலே எழும்பும், அது இறங்குகிற வரை உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும் என்பேன். அன்றைக்கு நசரத்பேட்டையில் இரண்டு கிரேன் நின்றன. ஒன்றிலிருந்துதான் ஆள் குதித்தார். இன்னொன்றில் நான் இருந்தேன், கடைசிவரை இருந்தேன். பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சாவைப் பற்றி எங்கே பேசினாலும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, நூம்பலில் இருக்கிற அந்த அம்மாவின் காதில் விழுகிற மாதிரி.